ஒளி புறப்படுவதற்கு முன்: ஒளியிழைப் பாதைகள் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரே கண்ணாடி இழையில் பல அலைநீளங்கள் ஒன்றையொன்று பாதிக்காமல் பயணிப்பது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அந்த அலைநீளங்களுக்கான பாதைகளை யார் தீர்மானிக்கிறார்கள், வழியிலுள்ள சுவிட்சுகளுக்கு அது எப்படித் தெரிகிறது என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளைச் சேர்த்து இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: இணையத்தில் ஒவ்வொரு பாக்கெட்டும் தன் முகவரியைச் சுமந்து செல்கிறது, ரூட்டர் அதைப் படித்து வழி காட்டுகிறது. ஒளியிழை வலையமைப்பில் மட்டும் பாதையை ஏன் முன்கூட்டியே அமைக்க வேண்டும்?

பதில்: பாக்கெட்டின் தலைப்பை ரூட்டர் படிக்க முடிவதற்குக் காரணம், அந்தப் பாக்கெட்டை மின்னணு நினைவகத்தில் சற்று நேரம் நிறுத்திவைக்க அதனால் முடிகிறது என்பதுதான். ஒளியை அப்படி நிறுத்திவைக்க நடைமுறைக்கு உகந்த நினைவகம் இல்லை. நீண்ட இழைச் சுருளில் சுற்றவிட்டுக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. மேலும், முழு ஒளி சுவிட்ச் ஒன்று தன் வழியே செல்லும் ஒளியில் என்ன தகவல் இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. நுண்ணிய ஆடிகளைச் சாய்த்தோ திரவப் படிகத் தகட்டின் நிலையை மாற்றியோ, இந்த வாயிலில் நுழையும் இந்த அலைநீளம் அந்த வாயிலில் வெளியேற வேண்டும் என்ற ஏற்பாட்டில் அது நிற்கிறது. ரயில் வருவதற்கு முன்பே தண்டவாளம் திருப்பி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது போல, ஒளி புறப்படும்போது வழியிலுள்ள எல்லா சுவிட்சுகளும் உரிய நிலைக்கு வந்துவிட்டிருக்க வேண்டும்.

இதை ஒரு மேலாண்மை மென்பொருளிலிருந்து ஒவ்வொரு கணுவுக்கும், அதாவது சுவிட்ச் அமைந்த ஒவ்வொரு சந்திப்புக்கும், தனித்தனியே கட்டளை அனுப்பிச் செய்யலாம். நெடுங்காலம் அப்படித்தான் செய்யப்பட்டது; இன்றும் பல வலையமைப்புகளில் அதுவே நடைமுறை. மற்றொரு வழி, கணுக்களே தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு பாதையை அமைத்துக்கொள்வது. இந்தப் பரிமாற்றமே சமிக்ஞை அல்லது சிக்னலிங் எனப்படுகிறது. பாக்கெட் வலையமைப்புகளுக்காக 2001 ஜனவரியில் ஆர்எஃப்சி 3031 என்ற ஆவணமாக (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப ஆவணங்களின் வரிசை) வெளிவந்த எம்பிஎல்எஸ் கட்டமைப்பில் லேபிள் மாற்றும் முறை ஏற்கெனவே இருந்தது. அந்த முறையைக் கால இடைவெளி, அலைநீளம், முழு இழை ஆகியவற்றுக்கும் விரிவாக்கியதே ஜிஎம்பிஎல்எஸ். அதன் சமிக்ஞை விளக்கம் 2003 ஜனவரியில் ஆர்எஃப்சி 3471 ஆகவும், முழுக் கட்டமைப்பு 2004 அக்டோபரில் ஆர்எஃப்சி 3945 ஆகவும் வெளியாயின.

விரிவாக்கம் என்று எளிதாகச் சொல்லிவிட்டாலும், அடிப்படையில் ஒன்று தலைகீழாக மாறியிருக்கிறது. எம்பிஎல்எஸ்ஸில் லேபிள் என்பது பாக்கெட்டின் முன்னால் ஒட்டப்பட்டு அதனுடனேயே பயணிக்கும் 20 பிட் எண். சுமார் பத்து லட்சம் எண்கள் கைவசம் இருப்பதால் தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒளி வலையமைப்பில் எண்ணை ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. அலைநீளமே லேபிள், கால இடைவெளியே லேபிள், இழையே லேபிள். லேபிள் ஒன்றை ஒதுக்கினால் பௌதிக வளம் ஒன்றை ஒதுக்கிவிட்டதாகப் பொருள். 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில், நெடுந்தொலைவு இழைகளில் வழக்கமாகப் பயன்படும் அலைநீளப் பகுதியான சி பட்டை முழுவதையும் நிரப்பினாலும் ஓர் இழைக்கு ஏறத்தாழ 80 முதல் 96 அலைநீளங்களே கிடைக்கும். பாக்கெட் வலையமைப்பில் அலைவரிசை அகலமே (பேண்ட்வித்) ஒதுக்காத பாதையைக்கூட அமைத்து வைக்கலாம். இங்கே பாதை இருந்தால் அந்த வளம் முழுவதும் போய்விட்டது என்று பொருள். பின்வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

கேள்வி: ஆவணங்களில் ‘சுவிட்சிங் வகை’ என்ற தலைப்பில் 1, 51, 100, 150, 200 என்று எண்கள் தரப்பட்டுள்ளன. இவை எதைக் குறிக்கின்றன? இடையில் ஏன் இத்தனை இடைவெளி?

பதில்: ஒரு கணுவின் இடைமுகம் தன்னிடம் வரும் தரவை எந்த அளவுக்குப் பிரித்துப் பார்த்துத் திசைதிருப்ப வல்லது என்பதை இந்த எண்கள் தெரிவிக்கின்றன.

1 என்பது பாக்கெட் சுவிட்சிங். இடைமுகம் பாக்கெட்டின் எல்லையை அடையாளம் கண்டு, தலைப்பை அல்லது லேபிளைப் படித்து அனுப்புகிறது. 51 என்பது இரண்டாம் அடுக்கு சுவிட்சிங். ஈதர்நெட் சட்டகம், ஏடிஎம் என்ற பழைய வலையமைப்பு முறையின் கலம் ஆகியவற்றின் தலைப்பைப் பார்த்து அனுப்புவது. 100 என்பது காலப் பகிர்வு முறை. இங்கே தலைப்பு எதுவும் படிக்கப்படுவதில்லை. திரும்பத் திரும்ப வரும் சட்டகத்தில் குறிப்பிட்ட இடத்தில் அமர்ந்திருக்கும் பைட்டுகள், வெளியேறும் சட்டகத்தின் குறிப்பிட்ட இடத்துக்கு மாற்றப்படுகின்றன. தொலைபேசி வலையமைப்புகளுக்காக உருவான எஸ்டிஎச், சோனெட் தரங்களின் கருவிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. 150 என்பது அலைநீள சுவிட்சிங். ஓர் அலைநீளம் முழுமையாக, அதற்குள் என்ன இருந்தாலும், திசைதிருப்பப்படுகிறது. 200 என்பது இழை சுவிட்சிங். இழையில் வரும் அனைத்து அலைநீளங்களும் ஒரே கட்டாக மற்றோர் இழைக்கு மாற்றப்படுகின்றன.

இடைவெளிகள் விடப்பட்டது பின்னால் வருபவர்களுக்கு இடம் வைத்திருப்பதற்காகத்தான், அந்த முன்யோசனை வீண்போகவும் இல்லை. ஜி.709 தரத்தின்படி தரவை டிஜிட்டல் சட்டகங்களில் பொதியும் ஓடியு அடுக்குக்கு 110, ஈதர்நெட் போன்ற வாயில் ஒன்றின் போக்குவரத்து முழுவதையும் அப்படியே மாற்றும் முறைக்கு 125, அலைநீளத் தொடர்ச்சி முதலிய கட்டுப்பாடுகளைக் கணக்கில் கொள்ளும் வகைக்கு 151, நெகிழ்வான அலைவெண் கட்டத்துக்கு 152 என்று புதிய எண்கள் அந்த இடைவெளிகளில் பின்னர் வந்து சேர்ந்தன. மாறாக, பாக்கெட் வகைக்கே 1 முதல் 4 வரை நான்கு எண்கள் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டிருந்தன. 2, 3, 4 ஆகியவற்றின் பொருள் ஒருபோதும் தெளிவாக வரையறுக்கப்படாததால், அவற்றை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013இல் வெளியான ஆர்எஃப்சி 7074 சொல்லிவிட்டது.

இந்த வகைப்பாட்டால் நடைமுறையில் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, ஒரு பாதை எந்த வகை இடைமுகத்தில் தொடங்குகிறதோ அதே வகை இடைமுகத்தில்தான் முடிய வேண்டும். அலைநீளமாகத் தொடங்கியதைப் பாக்கெட்டாக முடிக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு கணுவும் தன் இணைப்புகளின் இரு முனைகளிலும் என்ன திறன் இருக்கிறது என்பதை ஓஎஸ்பிஎஃப் அல்லது ஐஎஸ்-ஐஎஸ் ரூட்டிங் நெறிமுறைகளின் நீட்டிப்புகள் வழியாக மற்றவற்றுக்கு அறிவிக்கிறது. இரண்டாவது, சிறிய பாதைகளைப் பெரிய பாதைக்குள் அடுக்க முடிகிறது. பாக்கெட் பாதைகள் காலப் பகிர்வுப் பாதைக்குள்ளும், அது அலைநீளப் பாதைக்குள்ளும், அது இழைப் பாதைக்குள்ளும் அடங்கும். அவ்வாறு அமைக்கப்பட்ட ஓர் அலைநீளப் பாதையை, மேலடுக்கு ரூட்டர்களுக்கு ஒரு சாதாரண நேரடி இணைப்பாகவே விளம்பரப்படுத்தலாம். 2005இல் ஆர்எஃப்சி 4206 இந்த ஏற்பாட்டை முறைப்படுத்தியது. இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. ஒரு கிகாபிட் வேகம் மட்டுமே தேவைப்படுகிறவருக்கு 100 கிகாபிட் சுமக்கக்கூடிய அலைநீளம் ஒன்றை முழுவதுமாகக் கொடுத்துவிட்டால், மீதியை வேறு யாரும் தொட முடியாது. அலைநீளத்தைப் பாதியாகக் கிழித்துக் கொடுக்க வழியில்லை என்பதால், அடுக்கிக் கொடுப்பது ஒன்றே சிக்கனமான வழி.

கேள்வி: பாதை கோரும் செய்தியில் குறியேற்ற வகை, சுவிட்சிங் வகை, சுமை அடையாளம் என்று மூன்று புலங்கள் உள்ளன. மூன்றும் ஒரே விஷயத்தைத்தானே சொல்கின்றன?

பதில்: அப்படித் தோன்றுவது இயல்பே, ஆனால் மூன்றும் வெவ்வேறு கணுக்களை நோக்கிப் பேசுகின்றன. 8 பிட் கொண்ட குறியேற்ற வகை, இந்தப் பாதை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை வழியிலுள்ள அனைவருக்கும் சொல்கிறது. மற்றொரு 8 பிட் புலமான சுவிட்சிங் வகை, ஒரே இணைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட திறன்கள் இருக்கும்போது அவற்றுள் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த இணைப்பைக் கையாளும் கணுவுக்குச் சொல்கிறது. 16 பிட் சுமை அடையாளமோ, உள்ளே ஏற்றப்பட்டிருப்பது என்ன என்பதைப் பெரும்பாலும் பாதையின் இறுதி முனைக்கு மட்டுமே சொல்கிறது. இடையிலுள்ள கணுக்கள் அதைப் படித்து எதுவும் செய்யப்போவதில்லை.

குறியேற்ற வகை 8 என்று குறிப்பிட்டால் முழு அலைநீளம் கோரப்படுகிறது. அப்போது வழியில் எங்கும் மின்னணுவாக மாற்றம் நடக்காது, இடைக் கணுக்களுக்கு வேகமும் பண்பேற்ற முறையும் தெரிய வேண்டியதில்லை என்பது எதிர்பார்ப்பு. அதே தரவை வகை 5, அதாவது எஸ்டிஎச் என்று குறிப்பிட்டுக் கோரினால், சட்டக அமைப்பும் வேகமும் இடைக் கணுக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. ஒரே அலைநீள சுவிட்சுக்கு இந்த இரண்டு கோரிக்கைகளும் வரலாம். சுவிட்சிங் வகை இரண்டிலும் 150 ஆகவே இருக்கலாம். ஆனால் கேட்கப்படுவது வேறு.

கேள்வி: பாதை அமையும்போது செய்திகள் உண்மையில் எப்படிப் போய்வருகின்றன? எந்த நெறிமுறை பயன்படுகிறது?

பதில்: தொடக்கத்தில் இரண்டு நெறிமுறைகள் போட்டியிட்டன. ஒன்று ஆர்எஸ்விபி-டிஇ, மற்றொன்று சிஆர்-எல்டிபி. ஜிஎம்பிஎல்எஸ்ஸுக்காக இரண்டுக்கும் நீட்டிப்புகள் எழுதப்பட்டு 2003 ஜனவரியில் ஒன்றாகவே வெளியாயின. அடுத்த மாதமே, சிஆர்-எல்டிபி மீதான புதிய முயற்சிகளை நிறுத்தி ஆர்எஸ்விபி-டிஇ மீது கவனம் செலுத்துவதென்ற எம்பிஎல்எஸ் பணிக்குழுவின் முடிவு ஆர்எஃப்சி 3468 ஆகப் பதிவானது. டிசிபி என்ற இணைய நெறிமுறையின் மீது இயங்கிய சிஆர்-எல்டிபி தொழில்நுட்ப அளவில் தாழ்ந்ததன்று. கருவி செய்வோரும் வலையமைப்பை நடத்துவோரும் அந்தப் பக்கம் போகவில்லை என்பதே அதன் முடிவுக்குக் காரணம்.

ஆர்எஸ்விபி-டிஇயின் மூலமான ஆர்எஸ்விபி 1997இல் வேறொரு நோக்கத்துக்காகப் பிறந்தது. ஒலி, ஒளிக்காட்சி போன்ற ஓட்டங்களைப் பெறுபவர் தனக்கு வேண்டிய வளத்தைத் தானே முன்பதிவு செய்துகொள்வதற்கான நெறிமுறை அது. அதனால்தான் இன்றும் கோரிக்கை ஒரு திசையிலும் ஒதுக்கீடு எதிர்த்திசையிலும் செல்கின்றன. பாதையைத் தொடங்கும் கணு, ‘பாத்’ என்ற செய்தியை இலக்கை நோக்கி அனுப்புகிறது. எந்தெந்தக் கணுக்கள் வழியே செல்ல வேண்டும் என்ற பட்டியலும், முந்தைய கேள்வியில் பார்த்த மூன்று புலங்களும் அதில் இருக்கும். இலக்கை அடைந்ததும் அங்கிருந்து ‘ரெஸ்வ்’ என்ற செய்தி அதே கணுக்கள் வழியாகத் திரும்புகிறது. ஒவ்வொரு கணுவும் தான் ஒதுக்கிய லேபிளைத் தனக்கு முந்தைய கணுவுக்கு அதில் தெரிவிக்கிறது. வழியில் இடம் இல்லையென்றால் பிழைச் செய்தி திரும்பி வருகிறது.

பாக்கெட் வலையமைப்புக்கு இது போதும். ஒளி வலையமைப்புக்குப் போதாது. ‘ரெஸ்வ்’ வந்த பிறகே ஒரு கணு தன் ஆடிகளைத் திருப்பத் தொடங்கினால், அந்தக் கணு தயாரானதும் அடுத்தது, அது தயாரானதும் அதற்கடுத்தது என்று நேரம் கூடிக்கொண்டே போகும். ஆடி திரும்பி அதிர்வு அடங்க ஒரு கணுவில் 10 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பத்துக் கணுக்களில் 100 மில்லிவினாடி. 1,000 கிலோமீட்டர் இழையை ஒளி கடக்க 5 மில்லிவினாடியே ஆகும் என்பதோடு ஒப்பிட்டால் இந்த விரயம் புரியும். இதற்காகவே ‘பாத்’ செய்தியில் பரிந்துரை லேபிள் என்ற ஒன்று சேர்க்கப்பட்டது. முந்தைய கணு, தான் விரும்பும் அலைநீளத்தைப் பரிந்துரைத்துவிட்டு, பதில் வரும் வரை காத்திராமல் தன் சுவிட்சை அதற்கேற்பத் திருப்பத் தொடங்கிவிடும். அடுத்த கணு அதை ஏற்காமல் வேறொன்றைத் தந்தால் மறுபடியும் திருப்ப வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலான நேரங்களில் வேலை இணையாக நடந்து முடிந்துவிடுகிறது.

மற்றொரு சேர்க்கை, எதிர்த்திசை லேபிள். எம்பிஎல்எஸ் பாதைகள் ஒருதிசைப் பாதைகள். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டைத் தனித்தனியே அமைக்க வேண்டும். ஒளிவழிச் சேவைகளோ ஏறக்குறைய எல்லாமே இருதிசை கொண்டவை. இரண்டைத் தனித்தனியே அமைத்தால் நேரம் கூடும். ஒன்று வெற்றி பெற்று மற்றொன்று தோல்வியடையலாம். இரண்டும் வேறுவேறு வழிகளில் சென்று, ஒரு திசை மட்டும் அறுபடும் நிலையும் வரலாம். ஆகவே ‘பாத்’ செய்தியே எதிர்த்திசைக்கான லேபிளையும் சுமந்து செல்கிறது. இரு திசைகளும் ஒன்றாக அமைந்து ஒன்றாகவே கலைகின்றன. ஓர் இணைப்பின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே அலைநீளத்தைப் பற்றிக்கொண்டால், எந்தக் கணுவின் அடையாள எண் பெரியதோ அதன் கோரிக்கை வெல்லும் என்பது விதி. இதில் நியாயம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் மறுபேச்சின்றி ஒரே முடிவுக்கு வர இதைவிட எளிய வழியும் இல்லை.

ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். சமிக்ஞை மில்லிவினாடிகளில் முடிந்துவிடுவதால் சேவையும் உடனே தொடங்கிவிடும் என்று எண்ணக் கூடாது. நீண்ட தொலைவு இழையில் புதிய அலைநீளம் ஒன்றைச் சேர்க்கும்போது, வழியிலுள்ள பெருக்கிகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மற்ற அலைநீளங்களின் திறனைக் குலைத்துவிடாமல் படிப்படியாகச் சமன் செய்ய வேண்டும். இதற்குப் பல வினாடிகளும், சில அமைப்புகளில் நிமிடங்களும்கூட ஆகலாம். விளம்பர அட்டைகளில் இந்தப் பகுதியை மட்டும் யாரும் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை.

கேள்வி: வழி முழுவதும் ஒரே அலைநீளமாக இருக்க வேண்டும் என்றால், அது எந்த அலைநீளம் என்று யார் முடிவு செய்வது?

பதில்: இடையில் எங்கும் மின்னணுவாக மாற்றாத வலையமைப்பில், தொடங்கிய அலைநீளத்திலேயே முடிந்தாக வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் ஏராளமான அலைநீளங்கள் காலியாக இருந்தும், எல்லா இணைப்புகளிலும் பொதுவாகக் காலியாக இருப்பது ஒன்றுகூட இல்லாமல் போகலாம். வழியையும் அலைநீளத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் இந்தச் சிக்கலைப் பொதுவான வடிவில் விரைவாகத் தீர்க்கும் வழிமுறை எதுவும் அறியப்படவில்லை. அது என்பி-கடின வகையைச் சேர்ந்தது. நடைமுறையில் வரிசையில் முதலில் காலியாக இருப்பதை எடுத்துக்கொள்வது போன்ற எளிய உத்திகளே பயன்படுகின்றன, அவை வியக்கத்தக்க அளவுக்கு நன்றாகவும் இயங்குகின்றன.

சமிக்ஞை இதற்குத் தரும் கருவி, லேபிள் தொகுதி. தொடக்கக் கணு தன்னால் அனுப்ப முடிந்த அலைநீளங்களின் பட்டியலை ‘பாத்’ செய்தியில் வைக்கிறது. ஒவ்வொரு கணுவும் தன் அடுத்த இணைப்பில் காலியில்லாதவற்றை அதிலிருந்து நீக்கிவிட்டு முன்னே அனுப்புகிறது. இலக்கை அடையும்போது எஞ்சியிருப்பது வழி நெடுகிலும் காலியாக உள்ளவை மட்டுமே. அவற்றுள் ஒன்றை இலக்கு தேர்ந்தெடுக்கிறது. எதுவும் எஞ்சவில்லையென்றால், தீர்ந்துபோன கணுவிலிருந்தே பிழைச் செய்தி திரும்பிவிடும். இந்த முறைக்கு எந்தக் கணுவும் முழு வலையமைப்பின் நிலையையும் அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு என்று கருதுகிறேன். மறுபக்கம், இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒரே அலைநீளம் இரண்டின் பட்டியலிலும் எஞ்சிவிட்டுப் பின்னர் மோதிக்கொள்வதும் உண்டு.

இதில் பல ஆண்டுகள் நீடித்த ஒரு குறையும் இருந்தது. 2003ஆம் ஆண்டு விளக்கத்தில் அலைநீள லேபிள் என்பது இரண்டு அண்டைக் கணுக்களுக்கு இடையே மட்டும் பொருள் கொண்ட 32 பிட் எண். இங்கே 7 என்று குறிக்கப்படும் அலைநீளம் அடுத்த இணைப்பில் 23 என்று குறிக்கப்படலாம். ஒரே அலைநீளம் தொடர வேண்டிய வலையமைப்பில் இது பெருந்தொல்லை. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6205, லேபிளை, உலகத் தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும் ஐடியு-டி அமைப்பின் ஜி.694.1 அலைவெண் கட்டத்தோடு நேரடியாகப் பிணைத்தது. 193.1 டெராஹெர்ட்ஸ் மையப்புள்ளி. அதிலிருந்து எத்தனை படிகள் மேலே அல்லது கீழே என்பதை n என்ற முழு எண் சொல்கிறது. படி 50 கிகாஹெர்ட்ஸ், n 4 என்றால் 193.3 டெராஹெர்ட்ஸ், n கழித்தல் 2 என்றால் 193.0 டெராஹெர்ட்ஸ். எந்த நிறுவனத்தின் கருவியானாலும் ஒரே எண் ஒரே அலைநீளத்தைக் குறிக்கும்.

பின்னர் நிலையான 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியும் போதாமல் போயிற்று. வினாடிக்கு 60 பில்லியன் குறியீடுகள் அளவில் அனுப்பும் ஒளி அனுப்பியின் நிறமாலை அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. ஆகவே நெகிழ்வான கட்டம் வந்தது: மைய அலைவெண்ணை 6.25 கிகாஹெர்ட்ஸ் படிகளிலும், அகலத்தை 12.5 கிகாஹெர்ட்ஸின் மடங்குகளிலும் தேர்ந்தெடுக்கலாம். லேபிளில் n உடன் m என்ற இரண்டாவது எண்ணும் சேர்ந்தது. n 8, m 6 என்றால் 193.15 டெராஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட 75 கிகாஹெர்ட்ஸ் அகலத் துண்டு. சமிக்ஞையில் இதைச் சுமந்து செல்லும் முறையை 2015இல் ஆர்எஃப்சி 7699 வகுத்தது.

கேள்வி: சமிக்ஞை செல்லும் வழி அறுந்துவிட்டால் ஏற்கெனவே அமைந்த ஒளிப்பாதையும் விழுந்துவிடுமா?

பதில்: விழக் கூடாது. ஒளிப்பாதையின் உள்ளே எந்தக் கணுவும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் சமிக்ஞைச் செய்திகளை அந்தப் பாதைக்குள் அனுப்ப இயலாது; அவை 1510 நானோமீட்டர் அருகே இயங்கும் மேற்பார்வை அலைநீளத்திலோ முற்றிலும் தனியான வலையமைப்பிலோ செல்கின்றன. எனவே சமிக்ஞை ஓடும் கட்டுப்பாட்டுத் தளம் செத்துக் கிடக்கும்போதும், ஒளி ஓடும் தரவுத் தளம் உயிரோடு இருக்கலாம். இதற்கு மறுதலையும் நிகழலாம்.

சங்கடம் எங்கே வருகிறதென்றால், ஆர்எஸ்விபியின் இயல்பில். அது தன் நிலையை ஏறத்தாழ 30 வினாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வழக்கமான அளவீடுகளின்படி 157.5 வினாடி வரை புதுப்பிப்பு வராவிட்டால் பாதையை மறந்துவிடும். பாக்கெட் வலையமைப்பில் இது நல்ல துப்புரவுப் பழக்கம். ஒளி வலையமைப்பில் அதே பழக்கம், கட்டுப்பாட்டு மென்பொருள் சற்று நேரம் மயங்கிக் கிடந்ததற்காக, ஓடிக்கொண்டிருக்கும் 100 கிகாபிட் சேவை ஒன்றை வெட்டி எறிந்துவிடும். ஆகவே ஆர்எஃப்சி 3473 மறுதொடக்க ஏற்பாட்டைச் சேர்த்தது. செயலிழந்து மீண்டு எழும் கணு தன் சுவிட்சுகளின் நிலையைத் தொடாமல் வைத்திருக்கும். அண்டைக் கணு, முன்பு எந்த லேபிள் வழங்கப்பட்டிருந்தது என்பதை மீட்பு லேபிள் மூலம் நினைவூட்டும். பழைய ஏற்பாடும் நினைவூட்டலும் பொருந்தினால் ஒளி ஒரு கணமும் தடைபடாமல் பதிவேடு மட்டும் மறுபடி எழுதப்படும்.

கேள்வி: பாதையைக் கலைக்கும்போது மற்ற கணுக்களில் எச்சரிக்கை மணிகள் அலறுவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டுமென்றே கலைப்பதற்கு ஏன் எச்சரிக்கை?

பதில்: ஒளி நின்றுபோனதை மட்டுமே கீழ்நிலைக் கணுவால் அறிய முடியும், அது கலைக்கப்பட்டதாலா, இழை அறுந்ததாலா என்பது அதற்குத் தெரியாது. கலைப்புச் செய்தி வந்து சேர்வதற்குள் ஒளி அணைந்துவிட்டால், கணு அதைப் பழுதாகவே கருதி மாற்றுப்பாதைக்குத் தாவத் தொடங்கும். வேண்டாம் என்று கலைத்த சேவைக்காக வேறிடத்தில் வளத்தைப் பிடித்துக்கொள்ளும் வேடிக்கை அப்போது நடக்கும். இதைத் தவிர்க்க, நிர்வாக நிலை என்ற தகவல் கூறு செய்திகளில் சேர்க்கப்பட்டது. தொடக்கக் கணு முதலில் ‘கலைக்கப்போகிறோம்’ என்ற பிட்டை ஏற்றி ஒரு ‘பாத்’ அனுப்புகிறது. வழியிலுள்ளவை தம் எச்சரிக்கைகளை அடக்கிக்கொள்கின்றன. இலக்கிலிருந்து ஒப்புதல் திரும்பிய பின்னரே உண்மையான கலைப்புச் செய்தி புறப்படுகிறது. அதே கூறில் உள்ள வேறொரு பிட், பாதை அமையும் வேளையில் வரும் வீண் எச்சரிக்கைகளையும் அடக்கப் பயன்படுகிறது.

கேள்வி: பாதையே அமைக்காமல், ஒளித் துடிப்புக் கட்டுகளை அப்படியே அனுப்பும் முறை ஒன்று உண்டு என்று படித்தேன். அது என்ன ஆயிற்று?

பதில்: அது ஒளி வெடிப்பு சுவிட்சிங். பல பாக்கெட்டுகளை விளிம்பில் ஒரு கட்டாகச் சேர்த்து, அதற்குரிய கட்டுப்பாட்டுச் செய்தியை மட்டும் தனி அலைநீளத்தில் முன்னால் அனுப்பிவிட்டு, ஒப்புதலுக்குக் காத்திராமல் சிறிது இடைவெளியில் கட்டையும் அனுப்பிவிடுவார்கள். முன்னால் சென்ற செய்தி ஒவ்வொரு சுவிட்சையும் கட்டு வந்துசேரும் நேரத்துக்குச் சரியாகத் தயார் செய்யும். 1990களின் பிற்பகுதியிலிருந்து இது குறித்து ஏராளமான ஆய்வுகள் வந்தன. 1,000 கிலோமீட்டருக்குப் போய்வர ஆகும் 10 மில்லிவினாடிக் காத்திருப்பு மிச்சமாகிறது என்பது உண்மையே. ஆனால் நடுவழியில் இரண்டு கட்டுகள் மோதினால் ஒன்றைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழி குறைவு. நிறுத்திவைக்க நினைவகம் இல்லை என்ற பழைய பிரச்சினையே இங்கும் குறுக்கே நிற்கிறது. வணிக வலையமைப்புகளில் அது பரவவில்லை.

கேள்வி: நிரந்தர இணைப்பு, மென்நிரந்தர இணைப்பு, சுவிட்ச் செய்யப்பட்ட இணைப்பு ஆகியவற்றுக்கு என்ன வேறுபாடு? மையக் கட்டுப்பாடு வந்துவிட்ட இக்காலத்தில் இந்தச் சமிக்ஞை இன்னும் தேவைதானா?

பதில்: இந்த மூன்று பெயர்களும் ஐடியு-டி அமைப்பின் ஜி.8080 கட்டமைப்பைச் சேர்ந்தவை. முழுவதையும் மேலாண்மை அமைப்பு அமைத்தால் நிரந்தரம். வாடிக்கையாளரின் கருவியே சமிக்ஞை அனுப்பிக் கோரினால் சுவிட்ச் செய்யப்பட்டது. இரு ஓரங்களை மேலாண்மை அமைப்பும் நடுப்பகுதியைச் சமிக்ஞையும் அமைத்தால் மென்நிரந்தரம். வாடிக்கையாளர் தாமே அலைநீளம் கேட்டுப் பெறுவார் என்ற எதிர்பார்ப்பு 2001 வாக்கில் பெரிதாக இருந்தது. அதற்கான பயனர் இடைமுகத்தை ஓஐஎஃப் என்ற ஒளி வலையமைப்புத் துறை அமைப்பு அவ்வாண்டே வெளியிட்டது. ஆனால் தன் இழைகளின் கட்டுப்பாட்டை வாடிக்கையாளர் கையில் கொடுக்க வலையமைப்பை நடத்துவோருக்கு மனம் வரவில்லை. மென்நிரந்தர வகையே அவர்களுக்கு ஏற்றதாக இருந்தது.

மையக் கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை, வழியைக் கணக்கிடும் வேலை கணுக்களிடமிருந்து மெல்ல மெல்ல விலகியிருப்பது உண்மையே. பாதை கணிக்கும் தனி உறுப்பு 2006இல் ஆர்எஃப்சி 4655 வழியாகவும், அதனுடன் பேசுவதற்கான நெறிமுறை 2009இல் ஆர்எஃப்சி 5440 வழியாகவும் வந்தன. ஒளிக்கு இது பொருத்தமானதும்கூட. இரைச்சல், சிதறல், நேரிலா விளைவுகள் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுத்து, இந்த அலைநீளம் அவ்வளவு தூரம் தாங்குமா என்று பார்ப்பது ஒரு கணுவின் சிறு கணினிக்கு ஏற்ற வேலையன்று. 2017இல் வெளியான ஆர்எஃப்சி 8281, அந்த மைய உறுப்பே பாதையைத் தொடங்கிவைக்கவும் வழி செய்தது. அப்போதும் மையம் தொடக்கக் கணுவுக்கு மட்டுமே சொல்கிறது. அங்கிருந்து இலக்கு வரை பழைய ‘பாத்’, ‘ரெஸ்வ்’ செய்திகளே ஓடலாம். வேறு சில வலையமைப்புகளில் மையமே நெட்கான்ஃப் என்ற கருவி மேலாண்மை நெறிமுறை மூலம் ஒவ்வொரு கணுவுக்கும் நேரடியாகக் கட்டளையிடுகிறது; அங்கே சமிக்ஞைக்கு வேலையே இல்லை.

எது சிறந்தது என்று கேட்டால், புதிய பாதை அமைப்பதற்கு மையமும், அறுந்த பாதையை மீட்பதற்குக் கணுக்களும் என்பதே என் கருத்து. இழை அறுபடும்போது பாதுகாப்பு மாற்றம் 50 மில்லிவினாடிக்குள் நிகழ வேண்டும் என்பது எஸ்டிஎச் காலத்திலிருந்து தொடரும் அளவுகோல். அதற்கு முன்னேற்பாடாகவே இரட்டைப் பாதை அமைத்திருக்க வேண்டும். இரட்டைப் பாதைக்குச் செலவிட விரும்பாத சேவைகளுக்கு, பழுதுக்குப் பின் புதுவழி தேடும் மீட்பே கதி. ஓர் இழை அறுந்தால் பல பத்து அலைநீளங்கள் ஒரே நொடியில் வழி கேட்கும். அந்த நேரத்தில் மையத்துக்குச் செல்லும் மேற்பார்வை வழியும் அதே இழையில் அறுந்திருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு பாதையின் தொடக்கக் கணுவும் தானாகவே புதிய ‘பாத்’ செய்தியை அனுப்ப வல்லதாக இருப்பது நல்லது.